கேள்வி மாறியதால் மாறிய வகுப்பு: எரிக் மசூரின் இயற்பியல் பாடம், ஒரு நிகழ்வு ஆய்வு

வகுப்பில் மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட வேண்டும், அப்போதுதான் பாடம் மனதில் நிற்கும் என்று ஆசிரியர் பயிற்சிகளில் இன்று பரவலாகச் சொல்கிறார்கள். சரிதான், தவறில்லை. ஆனால் இந்த முறை யாருடைய வகுப்பில், எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் வேறொரு விஷயம் கண்ணில் படுகிறது. அங்கே முதலில் மாறியது தேர்வுக் கேள்வி. நன்றாகப் போய்க்கொண்டிருப்பதாக எல்லோரும் நம்பிய ஒரு வகுப்பின் உண்மை நிலையை ஒரு புதுவகைக் கேள்வித்தாள் காட்டிக்கொடுத்தது. விவாதம், விடை காட்டும் அட்டை, விடை பதியும் கருவி எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. நான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். நாம் முறையை எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிடுகிறோம், பிறகு முறை வேலை செய்யவில்லை என்று சலித்துக்கொள்கிறோம்.

குறை சொல்ல ஒன்றுமில்லாத வகுப்பு

நிகழ்வு நடந்த இடம் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம். ஆசிரியர் எரிக் மசூர், நெதர்லாந்தில் பிறந்து லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று ஹார்வர்டுக்கு வந்த இயற்பியலாளர். 1984இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தவர், அறிவியல், பொறியியல் பக்கம் போகும் மாணவர்களுக்கு அறிமுக இயற்பியல் நடத்தினார். வழக்கமான வகுப்புதான்: பலகையில் விளக்கம், மேசைமேல் செய்முறைக் காட்சிகள், வீட்டுக்கணக்கு, தேர்வு. பருவ இறுதியில் மாணவர்கள் நிரப்பும் கருத்துப் படிவங்களில் அவருக்கு நல்ல பெயர். தேர்வில் கடினமான கணக்குகளையும் மாணவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். நம்மில் பலர் நடத்த ஆசைப்படும் வகுப்பு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த வகுப்பு நல்ல வகுப்பு என்று சொல்லக் கையில் இருந்த சான்றுகள் இரண்டே இரண்டு: மாணவர்களின் திருப்தி, கணக்குத் தேர்வின் மதிப்பெண். பெரும்பாலான கல்வி நிலையங்களில் இன்றைக்கும் இந்த இரண்டைத் தாண்டி எதுவும் கேட்பதில்லை. இரண்டும் நன்றாக இருந்தால் ஆசிரியர் நிம்மதியாக உறங்கலாம். மசூரும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தார்.

1990 வாக்கில் அவர் கண்ணில் பட்டவை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராஹிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டீன்ஸ் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள். பொருட்கள் ஏன் நகர்கின்றன, ஏன் நிற்கின்றன என்பது பற்றி மாணவர்கள் தங்கள் அன்றாட அனுபவத்திலிருந்து ஒரு கருத்தோடுதான் வகுப்புக்குள் வருகிறார்கள், ஒரு பருவம் முழுக்கப் பாடம் கேட்ட பிறகும் அந்தக் கருத்து பெரிதாக அசையவில்லை, எந்த ஆசிரியர் நடத்தினாலும் இதே நிலைதான் என்பது அவற்றின் சாரம். இதை அளக்க அவர்கள் ஒரு தேர்வைத் தயாரித்திருந்தார்கள். சூத்திரம் வேண்டாம், கணக்குப் போட வேண்டாம், சாதாரணப் பேச்சு மொழியில் கேள்விகள். 1992இல் ஹெஸ்டீன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் அதை விரிவுபடுத்தி விசைக் கருத்துத் தேர்வாக வெளியிட்டார்கள். 1995இல் திருத்திய வடிவத்தில் 30 கேள்விகள்.

அதில் வரும் ஒரு வகைக் கேள்வி இது. ஒரு பெரிய லாரியும் ஒரு சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. அந்த நேரத்தில் லாரி கார்மீது செலுத்தும் விசை பெரிதா, கார் லாரிமீது செலுத்தும் விசை பெரிதா, இரண்டும் சமமா? நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் மாணவர், இந்த இடத்தில் லாரிதான் பெரிய விசை செலுத்துகிறது என்று குறிக்கிறார். கார் நசுங்கிப்போய்க் கிடப்பதை அவர் மனக்கண்ணில் பார்க்கிறார், அதனால். விசை சமம்தான். காரின் நிறை குறைவு, அதே விசைக்கு அதன் வேகம் மிக அதிகமாக மாறுகிறது, சேதம் அங்கிருந்து வருகிறது. விதியை ஒப்பிப்பதற்கும் இந்த இடத்தில் அதை எடுத்துப் பயன்படுத்துவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அந்த ஒரு கேள்வியே காட்டிவிடும்.

தன் மாணவர்கள் இப்படி இருக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் மசூர் அந்தத் தேர்வை வைத்தார். இவ்வளவு எளிய கேள்விகளைக் கொடுத்தால் நேரம் வீணாகிறது என்று நினைப்பார்களோ என்றுகூடக் கவலைப்பட்டார். தேர்வு தொடங்கியதும் ஒரு மாணவி கேட்டது பிறகு பல இடங்களில் பேசப்பட்டது: நீங்கள் கற்றுக்கொடுத்தபடி பதில் எழுத வேண்டுமா, இல்லை நான் வழக்கமாக இதைப் பற்றி நினைக்கிற மாதிரி எழுத வேண்டுமா? அந்த மாணவி கேட்டது மிக நேர்மையான கேள்வி என்பது என் எண்ணம். தன் தலைக்குள் இரண்டு இயற்பியல் தனித்தனியே இருப்பதை அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தேர்வறைக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று.

எண்களாகச் சொன்னால், 1990 வகுப்பு பருவத் தொடக்கத்தில் கருத்துத் தேர்வில் எடுத்த சராசரி 70 சதவீதம், முடிவில் 78. நல்ல பெயரெடுத்த ஒரு ஆசிரியரின் முழுப் பருவ உழைப்புக்குக் கிடைத்தது 8 சதவீதப் புள்ளிகள்.

ஒரே பாடம், இரண்டு கேள்வி

ஒரு தேர்வின் முடிவை வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது, தேர்விலேயே கோளாறு இருக்கலாம் என்று யாரும் சொல்லலாம். இதற்கு மசூர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் எந்தப் பாட ஆசிரியரும் அடுத்த வாரமே அதைச் செய்து பார்க்கலாம். ஒரே கேள்வித்தாளில், ஒரே பாடப்பகுதியிலிருந்து, இரண்டு வகைக் கேள்விகளை வைத்தார். பகுதி: நேர்மின்னோட்டச் சுற்றுகள்.

ஒன்று வழக்கமான கணக்கு. மின்கலங்களும் மின்தடைகளும் உள்ள இரண்டு வளையச் சுற்று, குறிப்பிட்ட ஒரு மின்தடையில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு, இரண்டு புள்ளிகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு. சுற்றில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் எப்படிப் பிரியும் என்று சொல்லும் கிர்க்காஃப் விதிகளை எழுதி, சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். நாலைந்து வரி இயற்கணிதம், ஒரு குறி தவறினால் எல்லாம் போச்சு.

இன்னொன்றில் எண்ணே இல்லை. ஒரே மாதிரியான மூன்று பல்புகள் தொடரிணைப்பில் ஒரு மின்கலத்தோடு இணைந்திருக்கின்றன. மூன்றாவது பல்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சுவிட்ச். சுவிட்சை மூடினால் முதல் இரண்டு பல்புகளின் ஒளி கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? மூன்றாவது பல்பு? மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம்? மொத்தத் திறன்?

இயற்பியல் தெரிந்தவருக்கு இது ஒரு நிமிட வேலை. சுவிட்ச் மூடியதும் மூன்றாவது பல்பு குறுக்குச் சுற்றாகி அணைந்துவிடும். மின்கலத்தின் அழுத்தம் முன்பு மூன்றாகப் பிரிந்தது, இப்போது இரண்டாகப் பிரிகிறது. பல்பின் தடை மாறாது என்று வைத்துக்கொண்டால் மின்னோட்டம் ஒன்றரை மடங்காகும், எரிகிற ஒவ்வொரு பல்பின் திறனும் இரண்டேகால் மடங்காகும், மொத்தத் திறன் ஒன்றரை மடங்காகும். ஆனால் மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் வெளியே தள்ளும் என்று மனதுக்குள் நம்புகிற மாணவர், ஒளி மாறாது என்று எழுதுவார். அந்த நம்பிக்கை அவரிடம் இருப்பது கிர்க்காஃப் கணக்கில் தெரியவே தெரியாது. ஏனென்றால் கணக்குப் போடும்போது அந்த நம்பிக்கையைத் தொட வேண்டிய தேவையே வருவதில்லை, சமன்பாடு அவரைக் கைப்பிடித்துக் கரை சேர்த்துவிடுகிறது.

முடிவு: 10 மதிப்பெண்ணுக்கு, கடினமான கணக்கில் வகுப்பின் சராசரி 6.9, எளிதாகத் தோன்றும் பல்புக் கேள்வியில் 4.9. கணக்கை முழுதாகப் போட்ட பலர் பல்பில் தடுமாறினார்கள்.

இந்த இரண்டு கேள்விகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மதிப்பெண் எதை அளக்கிறது என்ற விவாதத்தை யாரும் தத்துவமாகப் பேச வேண்டியதில்லை. வகுப்பில் இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்தது ஒரு மறைமுக ஒப்பந்தம். மாணவர் கணக்கின் வகையை அடையாளம் கண்டு அதற்கான படிகளைச் செய்துகாட்டுவார், ஆசிரியர் அதைப் புரிதல் என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண் போடுவார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கேள்வி அந்த அளவுக்குத்தான் கேட்டது.

வகுப்பில் என்ன செய்தார்

கருத்துத் தேர்வு முடிந்ததும் மாணவர்களுக்கு அதை விளக்கப் போனபோதுதான் முறை பிறந்தது. ஒரு கேள்வியை மசூர் விரிவாக விளக்கினார். முகங்களைப் பார்த்தால் புரிந்ததாகத் தெரியவில்லை. வேறொரு வழியில் மறுபடி விளக்கினார், அப்போதும் குழப்பம் தீரவில்லை. பாதிப் பேருக்காவது சரியான விடை தெரியும் என்பது அவருக்குத் தெரியும், அதனால் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். அறை முழுக்கச் சத்தம். சில நிமிடங்களில் அவர்களே விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் சொல்லும் காரணம் இது: அப்போதுதான் புரிந்துகொண்ட மாணவருக்குத் தான் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது இன்னும் நினைவிருக்கிறது, பல வருடம் முன்னால் புரிந்துகொண்ட பேராசிரியருக்கு அது மறந்துபோயிருக்கிறது.

1991 முதல் இதை ஒரு ஒழுங்கான முறையாக்கினார். சக மாணவர் கற்பித்தல் என்று சொல்லலாம். வகுப்புக்கு வருமுன் மாணவர்கள் பாடத்தைப் படித்துவிட்டு வர வேண்டும், படித்ததற்கு ஒரு சிறு வினாத் தேர்வு உண்டு. பின்னாட்களில் அதை இணையவழிக் கேள்விகளாக மாற்றி, படித்ததில் எது குழப்பமாக இருந்தது என்று எழுதச் சொன்னார்கள், அந்தப் பதில்களைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்பு தயாரானது. வகுப்பில் ஏழிலிருந்து பத்து நிமிடம் ஒரு கருத்தைப் பற்றிப் பேச்சு, அப்புறம் ஒரு கருத்து வினா. ஒன்றிரண்டு நிமிடம் யாரோடும் பேசாமல் யோசித்து, ஒவ்வொருவரும் தன் விடையைப் பதிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் கை தூக்கினார்கள், விடை எழுத்து போட்ட அட்டையைக் காட்டினார்கள், பிறகு கையடக்கக் கருவிகள் வந்தன. அதற்கப்புறம் வேறு விடை சொன்னவரைத் தேடிப் பிடித்து, உன் விடை ஏன் சரி என்று அவரை ஒப்புக்கொள்ள வை. இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி விடை. கடைசியில் ஆசிரியர் விளக்கம்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விதி உண்டு. முதல் சுற்றில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கும் குறைவானவர்கள்தான் சரி என்றால், விவாதம் கிடையாது, ஆசிரியர் அந்தக் கருத்தை மறுபடி எடுத்து நடத்த வேண்டும், ஏனென்றால் பேசிக்கொள்ள விடை தெரிந்தவர்கள் போதாது. 70க்கு மேல் போய்விட்டால் சின்ன விளக்கத்தோடு நகர்ந்துவிடலாம். நடுவில் இருந்தால்தான் பேச்சுக்கு விடுவது. வளரறி மதிப்பீடு என்று நாம் சொல்வதன் முழுப் பொருள் எனக்கு இந்த விதியில்தான் தெரிகிறது: மாணவர்களின் விடை வந்த அடுத்த நிமிடத்தில் ஆசிரியர் செய்யப்போவது மாற வேண்டும். விடையை வாங்கிப் பதிவேட்டில் எழுதிவிட்டு, ஏற்கெனவே திட்டமிட்ட அடுத்த பக்கத்துக்குப் போனால், அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது மதிப்பெண் சேகரிப்பு மட்டுமே.

ஒரு கருத்து வினாவைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு உலோகத் தகட்டின் நடுவில் வட்டமான துளை. தகட்டைச் சீராகச் சூடாக்கினால் துளையின் விட்டம் கூடுமா, குறையுமா, மாறாமல் இருக்குமா? சூடானால் உலோகம் விரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெரிந்த விஷயத்தை வைத்தே பலர் தவறான விடைக்குப் போகிறார்கள்: உலோகம் எல்லாப் பக்கமும் விரிகிறது, எனவே உள்பக்கமும் விரியும், துளை சுருங்கும். இன்னொருவர், வெளியே கொஞ்சம் உள்ளே கொஞ்சம் விரியும், ஆக மாறாது என்பார். இப்போது பேச்சு தொடங்குகிறது. துளையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் அணுக்களை நினைத்துப் பார், சூடானால் அவை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிப் போக வேண்டுமா, நெருங்க வேண்டுமா? தள்ளிப் போக வேண்டும். துளை சுருங்கினால் அந்த வட்டம் சிறிதாகும், அணுக்கள் நெருங்கியாக வேண்டும், அது நடக்காது. எனவே துளை பெரிதாகும். இந்த வாதத்தை ஒரு மாணவர் இன்னொருவருக்குச் சொல்லும்போது சூத்திரம் எதுவும் குறுக்கே வருவதில்லை.

இந்தக் கேள்வியின் உயிர் அதன் தவறான விடைகளில் இருக்கிறது. ஒவ்வொரு தவறான விடைக்கும் பின்னால் ஒரு நியாயமான சிந்தனை இருக்கிறது, அதை நம்பி மனதார வாதாட ஆட்கள் இருப்பார்கள். நம் கேள்வித்தாள்களில் நான்கு விடை கொடுக்கும் கேள்விகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்று சரியான விடை, மூன்று இடத்தை நிரப்ப வந்தவை. மின்தடையின் அலகு எது என்று கேட்டுவிட்டு மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொன்னால் அவர்கள் என்னதான் விவாதிப்பார்கள்? தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் எழுதிக்கொள்வார். முறை தோற்றதாகச் சொல்லப்படும் வகுப்புகளில் முதலில் கேள்வியைத்தான் பார்க்க வேண்டும்.

என்ன கிடைத்தது

கேத்தரின் கிரௌச்சும் மசூரும் 2001இல் பத்தாண்டு அனுபவத்தைத் தொகுத்து வெளியிட்டார்கள். கருத்துத் தேர்வில் ஒரு வகுப்பு எவ்வளவு முன்னேறியது என்று பார்க்க அவர்கள் பயன்படுத்திய அளவுகோல், தொடக்கத்தில் கைவராமல் இருந்த பகுதியில் எத்தனை பங்கைப் பருவ முடிவில் பெற்றார்கள் என்பது. 1990இல் பழைய முறையில் கால் பங்கு. 1991இல், முறை மாறிய முதல் ஆண்டிலேயே, ஏறக்குறைய பாதி, 71இலிருந்து 85 சதவீதம். 1997இல் முக்கால் பங்கை நெருங்கியது, 67இலிருந்து 92.

கணக்குப் போடும் திறன் என்ன ஆனது என்பதுதான் எந்த ஆசிரியருக்கும் வரும் அடுத்த கவலை. நியாயமான கவலை, ஏனென்றால் பலகையில் கணக்குகளைப் போட்டுக்காட்டும் நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 1985இல் வைத்த அதே இறுதித் தேர்வை மசூர் 1991 வகுப்புக்கும் வைத்துப் பார்த்தார். பழைய வகுப்பின் சராசரி 62.7, புதிய வகுப்பு 69.4. பலகையில் குறைவாகப் பார்த்தவர்கள் கூடுதலாக எடுத்தார்கள்.

இதைவிட என்னை நம்பவைத்தது வேறொரு வகுப்பின் கதை. கால்குலஸ் இல்லாமல் நடத்தப்படும் அறிமுக இயற்பியலில் 1998இல் இந்த முறை வந்தது: தொடக்கத்தில் 50 சதவீதம், முடிவில் 83. 1999இல் வேறொரு ஆசிரியர் அதே பாடத்தை வழக்கமான விரிவுரையாக நடத்தினார்: 48இலிருந்து 69. 2000இல் மறுபடி இந்த முறை: 47இலிருந்து 80. ஆசிரியரும் மாறியதால் இதைத் தூய்மையான ஒப்பீடு என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் அந்த வரிசையை லேசில் ஒதுக்கவும் முடியாது. ஹார்வர்டுக்கு வெளியேயும் படம் இதுதான். 1998இல் ரிச்சர்ட் ஹேக் 62 பாடப்பிரிவுகள், 6,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். வழக்கமான வகுப்புகளில் முன்னேற்றப் பங்கு சராசரி 0.23, மாணவர்கள் யோசித்துப் பேசிச் செயல்படும் வகுப்புகளில் 0.48.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1991க்கும் 1997க்கும் இடையிலான ஏற்றம் முழுவதையும் பக்கத்து இருக்கைப் பேச்சின் கணக்கில் எழுத முடியாது. நடுவில் கருத்து வினாக்கள் ஆண்டுக்கு ஆண்டு திருந்தின, சிறு குழு வகுப்புகளும் கூட்டுச் செயல்பாடுகளாக மாறின, முன்படிப்பை வாங்கும் வழியும் மாறியது. ஒரு முறையை ஆறு ஏழு ஆண்டுகள் கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்ததன் பலன் அது. ஒரு பருவம் செய்துபார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

மாணவர்கள் உண்மையிலேயே புரிந்துகொள்கிறார்களா, இல்லை கெட்டிக்காரர் சொன்னதைக் கேட்டு விடையை மாற்றிக்கொள்கிறார்களா? இந்தச் சந்தேகத்தைக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பு ஒன்றில் மிஷெல் ஸ்மித்தும் குழுவினரும் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். ஒரு கேள்விக்குத் தனியாக விடை, பேசிய பிறகு விடை, அதன் பின் அதே கருத்தை வேறு உருவத்தில் கேட்கும் இரண்டாவது கேள்விக்கு யாரோடும் பேசாமல் விடை. சரியான விடைகளின் சராசரி 52, 68, 73 சதவீதம் என்று ஏறியது. வெறுமனே பார்த்து எழுதியிருந்தால் மூன்றாவது எண் கீழே விழுந்திருக்க வேண்டும். குழுவில் யாருக்குமே முதலில் சரியான விடை தெரியாமல் இருந்த நிலையிலும் பேசிப் பேசி விடைக்கு வந்தவர்கள் இருந்தார்கள் என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

மதிப்பெண் என்ன செய்கிறது

கருத்து வினாவை வகுப்பில் கேட்டுவிட்டு இறுதித் தேர்வில் பழைய கணக்குகளை மட்டும் வைத்தால் என்ன நடக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சில வாரங்களிலேயே விவாத நேரம் ஊர்க்கதை நேரமாகிவிடும், யாரையும் குறை சொல்ல முடியாது. மசூர் இறுதித் தேர்விலும் கருத்துக் கேள்விகளை வைத்தார். ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு இத்தனை பேருக்குத்தான் முதல் தரம் என்று பங்கிடும் மதிப்பெண் முறையையும் விட்டார். பக்கத்தில் இருப்பவர் நன்றாகப் புரிந்துகொண்டால் என் தரம் இறங்கும் என்ற நிலையில் யார் யாருக்கு மனதாரச் சொல்லித்தருவார்கள்?

வகுப்பறை வினாவுக்கே எவ்வளவு மதிப்பெண் என்பதும் பேச்சின் தன்மையை மாற்றிவிடுகிறது. மார்க் ஜேம்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வானியல் வகுப்புகளை ஒப்பிட்டார். ஒன்றில் சரியான விடைக்குத்தான் முழு மதிப்பெண், தவறினால் இழப்பு அதிகம். மற்றதில் சரியோ தவறோ கலந்துகொண்டால் போதும். முதல் வகுப்பின் உரையாடல்களில் நன்றாகத் தெரிந்தவரே பேசினார், மற்றவர் அவர் விடையை எடுத்துக்கொண்டார். இரண்டாவதில் இருவரும் பேசினார்கள், தங்கள் வேறுபட்ட விடைகளையும் அப்படியே பதிவு செய்தார்கள். அதாவது முதல் வகுப்பு ஆசிரியரின் திரையில் தெரிந்த சரியான விடைகளின் சதவீதம் மாணவர்களின் புரிதலைக் காட்டவில்லை. மாணவர்களை முயற்சி எடுக்க வைக்கத்தானே மதிப்பெண் என்று ஒரு நல்ல ஆசிரியர் நினைப்பது இயல்பு. அந்த நல்லெண்ணமே அளவுகோலைக் கெடுத்துவிடுகிறது.

முதல் சுற்று விடைகளின் வரைபடத்தைப் பேச்சுக்கு முன்னால் திரையில் காட்டுவதும் அப்படித்தான். எந்த விடைக்குக் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் மாணவர்கள் சாய்கிறார்கள் என்று 2010இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. வரைபடம் ஆசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அப்புறம், மாணவர்களின் திருப்திப் படிவம். மசூரின் பழைய வகுப்பு அதில் நன்றாகத்தான் தேறியது. 2019இல் ஹார்வர்டிலேயே லூயிஸ் டெலோரியேவும் உடனிருந்தவர்களும் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், யோசித்துச் செயல்படும் வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரை கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தானே முட்டிமோதும்போது ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். முறையை மாற்றும் முதல் பருவத்தில் ஆசிரியரின் கருத்துப் படிவ மதிப்பெண் இறங்கினால் துறைத் தலைவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, அந்த ஒரு தாளைக் காரணம் காட்டி எத்தனையோ நல்ல முயற்சிகள் பாதியில் நிற்கின்றன.

எல்லா இடத்திலும் ஒரே பலன் இல்லை

செய்முறைக் காட்சி காட்டினால் புரியும் என்ற நம்பிக்கையையும் மசூரின் குழு விட்டுவைக்கவில்லை. 2004இல் வெளியான ஆய்வில், காட்சியைச் சும்மா பார்த்த மாணவர்களில் பிறகு சரியாக விளக்கியவர்கள் 24 சதவீதம், காட்சியையே பார்க்காதவர்களில் 22. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துப் பதிவு செய்துவிட்டுப் பார்த்தவர்களில் இது 30க்கு வந்தது, ஊகத்தைப் பற்றிப் பேசவும் செய்தவர்களில் 32. ஊகிக்கச் செலவானது சில நிமிடங்கள்தான்.

ஆண், பெண் மாணவர்களின் மதிப்பெண் இடைவெளியை இந்த முறை குறைத்தது என்று ஹார்வர்டு குழு 2006இல் எழுதியது. மறு ஆண்டே கொலராடோவில், இதே வகை வகுப்புகளில் இடைவெளி குறையவில்லை என்று முடிவு வந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதே கொலராடோவில் சந்திரா டர்பனும் நோவா ஃபிங்கல்ஸ்டைனும் ஆறு ஆசிரியர்களின் வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆறு பேருமே சக மாணவர் கற்பித்தல் செய்வதாகச் சொன்னவர்கள், ஆனால் யோசிக்கக் கொடுத்த நேரம், மாணவர்கள் காரணத்தை வாய்விட்டுச் சொன்னார்களா, ஆசிரியர் அவர்களுக்கு நடுவில் போய்க் கேட்டாரா என்பதிலெல்லாம் பெரிய வேறுபாடு. ஒரே பெயரில் ஆறு வகுப்புகள் நடந்திருக்கின்றன.

எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகப் படும் எண் வேறு. 1997இல் ஒரு பருவத்தின் கருத்து வினா விடைகளைத் தொகுத்தபோது, பேச்சுக்கு முன்னும் பின்னும் சரியாகச் சொன்னவை 40 சதவீதம், தவறிலிருந்து சரிக்கு மாறியவை 32, சரியிலிருந்து தவறுக்குப் போனவை வெறும் 6. மீதி 22 சதவீதம், இரண்டு முறையும் தவறு. முதல் மூன்று எண்களைத்தான் பயிற்சிகளில் திரையில் போடுகிறார்கள். நாலாவது எண்ணில் இருப்பவர்களைப் பற்றித்தான் ஆசிரியர் கவலைப்பட வேண்டும், அவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஸ்மித் குழுவின் ஆய்வில் முதல் கேள்வியில் இரு முறையும் தவறியவர்களில்கூடக் கணிசமானவர்கள் இரண்டாவது கேள்வியில் சரியாகச் சொன்னார்கள், ஆகவே பேச்சு அவர்களுக்குள்ளும் எதையோ அசைத்திருக்கிறது. ஆனால் அது தெரிய வேண்டுமானால் இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்டாக வேண்டும், அதைத்தான் நேரமில்லை என்று முதலில் வெட்டுகிறோம். விடைகளைப் பெயரோடு சேமிக்கும் வசதி இருந்தால் இரு முறையும் ஒரே தவறான விடையில் நின்றவர்களைத் தனியே எடுத்துப் பார்க்கலாம். அட்டை மட்டும்தான் இருக்கிறது என்றால் இரண்டு சுற்று விடையையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். பல்புக் கேள்வியில் ஒளி மாறாது என்ற விடையில் அவர்கள் நின்றிருந்தால், மின்கலம் எப்போதும் ஒரே மின்னோட்டம்தான் தருகிறது என்ற நம்பிக்கைதான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அடுத்த வகுப்பின் முதல் கேள்வியில் ஒரே ஒரு பல்பு இருக்கட்டும், அதனோடு இணையாக இன்னொரு பல்பைச் சேர்க்கும்போது மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் என்ன ஆகும் என்று கேட்கலாம்.